காவலுக்கு இரும்பன்

மகளின் கழுத்தை நோக்கி வந்த கோடரியை அம்மா தன் தோளில் வாங்கிக்கொண்டாள். ரத்தம் தெறித்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது; அடுப்பை அணைக்க அவளுக்கு ஒரு கை மிச்சமில்லை.

கோடரி வீசிய அரக்கன் செத்து விழுந்த பிறகுதான் செல்போனை மேடைமேல் வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அதே விளையாட்டை மகள் தன் லேப்டாப்பில் ஆடிக்கொண்டிருந்தாள். தன்னைக் காப்பாற்றியது யார் என்று அவளுக்குத் தெரியாது.

எல்லாம் பயத்தில் ஆரம்பித்ததுதான். கல்லூரி விட்டு வந்ததும் அறைக்குள் புகுந்துகொள்ளும் ஒரே மகள், முகம் தெரியாத ஆட்களோடு காடு மேடெல்லாம் சுற்றுகிறாள் என்றால் பெற்றவளுக்குச் சோறு இறங்குமா? அப்பா இல்லாத வீடு வேறு. கேட்டால், சும்மா கேம்தாம்மா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அம்மா ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருபவள். அங்கே கம்ப்யூட்டர் சரிசெய்ய வருகிறவரிடம், வேறு யாருக்கோ கேட்பதுபோல விசாரித்தாள். மந்திரம் போடுகிறவர்களும் வில் விடுகிறவர்களும் தள்ளி நின்று சண்டை போடுவார்கள், வாள்காரன்தான் எதிரியை ஒட்டி நின்று மற்றவர்களுக்கு விழும் அடியையும் சேர்த்து வாங்குவான் என்றார் அவர். இத்தனை வருஷமாக நாம் பார்க்கிற வேலைதானே என்று அம்மா வாள்காரனையே எடுத்துக்கொண்டாள். பனைமர உயரம், முறுக்கு மீசை, பெயர் இரும்பன்.

மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போகும் நேரத்தில் செல்போனை மேஜைக்கு அடியில் வைத்து ஆடிப் பழகினாள். ஆரம்பத்தில் காட்டுப்பன்றியிடம்கூட அடிபட்டுச் செத்தாள். பிறகு கை தேறிவிட்டது.

மகள் அதில் மந்திரக்காரி, பெயர் மின்மினி; காபி கொடுக்கப் போனபோது திரையில் பார்த்து வைத்திருந்தாள். அவள் போகிற இடமெல்லாம் இரும்பனும் போனான். பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அம்மா வாயே திறப்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மகள் இருமும்போது மட்டும் மனசு கேட்காது. வெந்நீர் குடி என்று ஒரு வரி அனுப்பிவிடுவாள்.

அவள் கண்ணை உறுத்தியது கருநரி. வில்லும் கையுமாக எப்போதும் மகளோடு சுற்றுகிற ஆள். பரிசு கொடுப்பான், தனியாகக் கூட்டிப்போய்க் குசுகுசுப்பான். பேரைப் பார்த்தாலே லட்சணம் தெரியவில்லையா? அவன் கிட்டே வந்தால் போதும், இரும்பன் நடுவில் போய் நின்றுகொள்வான்.

கொஞ்ச நாளாக மகள் சரியாகச் சாப்பிடவில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது, எதற்கெடுத்தாலும் திடுக்கிட்டாள். எல்லாம் அந்த நரியின் வேலை என்று அம்மா முடிவு கட்டினாள். இரும்பன் இன்னும் நெருங்கி நின்றான்.

மிஞ்சிய பாலை டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். மகள் லேப்டாப்பைச் சட்டென்று மூடினாள். மூடுவதற்குள் கருநரி அனுப்பியிருந்த வரி அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது: 'நாளைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு. வீட்ல சொல்லாத.'

அம்மா டம்ளரை மேஜைமேல் வைத்தாள். எப்படிச் சமையலறைக்குத் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. கேட்டால் மகள் பொய் சொல்வாள்; அதட்டினால் இப்போதே கிளம்பிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அம்மா சொன்னால் கேட்காதவள், கூட நின்று சண்டை போட்டவன் சொன்னால் கேட்கலாம். இரும்பன் பெயரில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

'நாளைக்கு வெளியே போகாதே. உன்னை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.'

பக்கத்து அறையில் நாற்காலி சாய்ந்தது. டம்ளர் உருண்டது. அம்மா செல்போனைத் துண்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள் மகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். வாசல் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு திக்கித் திக்கி விஷயத்துக்கு வந்தாள். விளையாட்டில் ஒருத்தன் ரொம்ப நாளாகத் தன்னை விடாமல் தொடர்கிறானாம். தன்னைப் பற்றி அவனுக்கு எல்லாமே தெரிகிறதாம். கண்ணை மூடினால் தூக்கம் வரவில்லையாம்.

"அந்த நரிப்பயல்தானே?" என்றாள் அம்மா. அந்தப் பேர் தனக்கு எப்படித் தெரியும் என்று மகள் கேட்பாளே என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. "அவன் கையக் கால ஒடச்சிட்டுத்தான் எனக்கு மறுவேலை."

"அது என் கிளாஸ்மேட்டும்மா, பொண்ணு. நாளைக்கு அவதான் என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறா. நீ பயந்துடுவேன்னுதான் உங்கிட்ட சொல்லல."

அம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணைத் துடைத்துவிட்டாள். எவனாக இருந்தாலும் தன்னைத் தாண்டி அவள்மேல் ஒரு விரல் படாது என்று சத்தியம் செய்தாள். ஆளை மட்டும் அடையாளம் சொல்லச் சொன்னாள்.

"இரும்பன்னு ஒருத்தன்மா. வாளத் தூக்கிட்டு எப்பவும் எனக்கு முன்னாடியே வந்து நிக்கிறான்."