பதினொரு கிழமை

மகள் ஆரணி மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள்.

“இஞ்ச பாருங்கோ, அம்மா. இந்தப் பக்கம் கடல். அந்தப் பக்கம் முழுக்கத் திராட்சைத் தோட்டம். எப்பிடி இருக்கு?”

திரையில் இருந்த ஊரின் பெயரை அவள் கண்ணாடி போடாமலே படித்துவிட்டாள். பிறகும் கண்ணாடியைத் தேடினாள். தேடுகிற நேரமாவது கிடைக்கும்.

“வடிவா இருக்கு” என்றாள்.

ஆரணி திட்டத்தை வாசித்தாள். திங்கட்கிழமை அம்மாவுக்கு அறுபது முடிகிறது. அன்று அரசு விடுமுறையும்கூட. வெள்ளி மத்தியானம் புறப்பட்டால் பொழுது சாயும்முன் போய்விடலாம். சனிக்கிழமைக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“சனிக்கிழமை ஒண்டுமே செய்யிறேல்ல. வெயில்ல கதிரையப் போட்டிட்டு இருக்கிறது. நீங்கள் எப்பவாவது சும்மா இருந்திருக்கிறியளே?”

ஞாயிறு காலை கடற்கரையில் நடை. பின்னேரம் தோட்டத்தில் வைன் ருசி பார்ப்பது.

அந்தக் கடற்கரை அவளுக்குத் தெரியும். நடைபாதை முடிகிற இடத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் முன்னால் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். தன் முறை வந்ததும் அவள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொள்வாள். மறுமுனையில் ஒரு குழந்தை மூச்சு விடும்.

பேசாது.

மூச்சைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

ஆரணி அடுத்த படத்தைத் திறந்தாள். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில். ஜன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள்.

“முந்தி வேலையாக்கள் தங்கின கொட்டிலாம். திருத்தி அறையாக்கியிருக்கினம். கூரை மரம் மட்டும்தான் பழசு.”

கூரை மரத்தை அவள் பார்த்தாள்.

அதற்குக் கீழே ஒன்பது பெண்கள் படுத்தார்கள். விடியுமுன் எழும்பி, பனி சொட்டும் கொடிகளுக்குள் குனிந்து குலை வெட்டினார்கள். விரல்கள் சாற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பகல் முழுக்கக் குனிந்த முதுகு படுத்தாலும் நிமிராது.

அதெல்லாம் பெரிதில்லை.

முதல் கிழமை அவளுக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. பக்கத்தில் படுத்தவள் வியட்நாம்காரி. இவள் மொழி அவளுக்குத் தெரியாது. ஆனால் பார்த்ததும் புரிந்துகொண்டாள். முட்டைக்கோவா இலையை மார்பில் வைத்துக் கட்டிவிட்டு, பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று விரலைக் காட்டிக் கேட்டாள்.

பத்து விரலையும் காட்டி, பிறகு நான்கு விரலைக் காட்டினாள் இவள்.

மகளுக்குத் தெரிந்த கதை வேறு. ஆஸ்திரேலியாவுக்கு வந்த அந்த இரண்டாம் வருடம் அம்மா நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். அப்பா கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். அம்மாவும் பிள்ளையும் ஒரு நாள்கூடப் பிரிந்திருக்கவில்லை.

இருபத்தொன்பது வருடமாக அதில் ஒரு சொல்லையும் அவள் மாற்றவில்லை.

முன்பதிவு செய்யும் இடத்தில் ஆரணியின் விரல் நின்றது. அழுத்தவில்லை.

உள் அறையில் ஆரணியின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பதின்மூன்று மாதம். அந்த மூன்று நாளும் தகப்பனோடு இருக்கப்போகிறது.

“அம்மா.”

“ம்.”

“மூண்டு நாள் காணாட்டி பிள்ளை என்னை மறந்திடுமே?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தாள்.

மறக்காது என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். எந்தத் தாயும் அதைத்தான் சொல்லுவாள்.

“மூண்டு நாளில மறக்காது” என்றாள். “பதினொரு கிழமையில மறக்கும்.”

ஆரணி நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கொட்டிலை. ஒன்பது பேரை. வேறு வேலை கிடைக்காமல், அறுவடை முடியும்வரை பிள்ளையைப் பக்கத்து வீட்டுச் சிவமலர் அக்காவிடம் விட்டுப் போனதை. நெடுநேரம் எடுக்கவில்லை. மேசையில் இருந்த தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

“திரும்பி வந்து கையை நீட்டினன். நீ அவவின்ர சீலைக்குப் பின்னால போய் ஒளிச்சிட்டாய். இழுத்துத் தூக்கினன். கத்தின கத்தில சனம் கூடிட்டுது.”

“பிறகு?”

“ஆறு நாள் அவ எங்களோட வந்து படுத்தா. நடுவில நீ. அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் நித்திரை கொள்ளுவாய்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“சொல்லேல்ல. அவர் கண்ணை மூடுமட்டும் சொல்லேல்ல.”

மடிக்கணினியின் திரை தானாக அணைந்தது. இருவரும் அதைத் தொடவில்லை. வெளியே யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது நின்றதும் ஆரணி கேட்டாள்.

“அவவை நான் என்னெண்டு கூப்பிட்டனான்?”

அவள் வாயைத் திறந்தாள்.

அந்தச் சொல்லை அவளால் சொல்ல முடியவில்லை.

உள்ளே குழந்தை சிணுங்கியது. பிறகு அழத் தொடங்கியது.

இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். இரண்டடி வைத்த ஆரணி நின்றாள். வாசற்படியை விட்டு ஒதுங்கி வழி விட்டாள்.

“நீங்கள் போய்த் தூக்குங்கோ” என்றாள்.

கொஞ்சம் பொறுத்து,

“அம்மா” என்றாள்.