சுவரோரம்

"சுவரை விடுங்கடா!"

ஆம்புரோஸ் ஹார்பின் கைத்தடியைக் குறுக்கே நீட்டினார். எதிரே இருவர் தூக்கி வந்த பெட்டிப் பல்லக்கு நின்றது.

அந்தக் கால லண்டன் தெருவில் சுவரோரம் நடப்பது பெரிய மனிதர்களின் உரிமை. அங்கேதான் தரை காய்ந்திருக்கும். மாடி ஜன்னலிலிருந்து கொட்டுகிற கழிவும் தலையில் விழாது. மேலானவர் எதிரே வந்தால் கீழானவர் சாக்கடைப் பக்கம் இறங்கி வழிவிட வேண்டும்.

ஹார்பின் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா, அவ்வளவுதான். ஆனால் யாருக்குத் தொப்பியைத் தொட வேண்டும், யாருக்குக் கழற்ற வேண்டும், யாரைப் பார்க்காதது போலப் போய்விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"பல்லக்கு போற இடம் நடுத்தெரு. நடைபாதையில உங்களுக்கு என்னடா வேலை?"

முன்னால் தூக்கி வந்த கியோ, நரைத்துப்போன அயர்லாந்துக்காரன். பல்லக்குத் தூக்கிகள் வழக்கமாக ஆளை இடித்துத் தள்ளிவிட்டு, திட்டும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். இவன் குரலையே உயர்த்தவில்லை.

"உள்ளே ஒரு அம்மா இருக்காங்க ஐயா. இன்னிக்கு அவங்க சுவரோரமாத்தான் போகணும். கொஞ்சம் தயவு பண்ணுங்க."

"எந்த அம்மா?"

"பேரைச் சொல்ல முடியாதுங்க."

ஹார்பினின் தடி தானாகக் கீழே இறங்கியது. பல்லக்கின் திரைகள் இறுக்கமாக மூடியிருந்தன. பேரைச் சொல்லக்கூடாத சீமாட்டி என்றால் சின்ன இடமாக இருக்காது.

தொப்பியைக் கழற்றினார். வெள்ளைக் காலுறையோடு சாக்கடையில் இறங்கினார். மழைநீரும் சகதியும் கணுக்கால்வரை ஏறின.

"மன்னிக்கணும் சீமாட்டி! ஆம்புரோஸ் ஹார்பின், தங்கள் ஊழியன்!"

திரைக்குப் பின்னாலிருந்து பதில் இல்லை. பெரிய இடங்களில் அது சகஜம்தான்.

அதோடு விட மனம் வரவில்லை அவருக்கு. பல்லக்குக்கு முன்னால் ஓடினார். "ஒதுங்குங்க! சீமாட்டி வர்றாங்க, வழி விடுங்க!"

தெருவே ஒதுங்கியது. மது வியாபாரி தொப்பியைக் கழற்றினார். சிவப்புக் கோட்டுப் போட்ட கேப்டன் ஒருவர் தெருவில் இறங்கி நின்று தலை வணங்கினார். மீன்காரிகள்கூட முழங்காலை மடித்து மரியாதை செய்தார்கள்.

கியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடந்தான். காலையிலேயே குடித்துவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டார் ஹார்பின்.

தெருமுனை வந்தது. பெரிய மாளிகைகள் வலது பக்கம். பல்லக்கு இடது பக்கம் திரும்பி, ஏழைகளைப் புதைக்கிற மைதானத்துக்குள் போய் இறங்கியது.

"இங்கே எதுக்குடா?"

கியோ பல்லக்கின் கதவைத் திறந்தான்.

உள்ளே ஒரு கிழவி. ஒட்டுப்போட்ட சால்வை. சரிந்து விழாமலிருக்க இருக்கையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"என் பொஞ்சாதி ஹானரா, ஐயா. நேத்து போயிட்டா."

ஹார்பின் ஓரடி பின்வாங்கினார்.

"முப்பது வருஷம் அந்தத் தெருவுல பால் வித்தா. தோள்ல கட்டை, ரெண்டு பக்கமும் வாளி. எதிர்ல யார் வந்தாலும் அப்படியே சாக்கடையில இறங்கி நிப்பா. அந்த ஈரந்தான் நெஞ்சுல இறங்கிடுச்சு. எத்தனையோ சீமாட்டிங்களைச் சுமந்திருக்கேன். இவளை ஒரு தடவைகூட இதுல உட்கார வெச்சதில்ல."

பின்னால் தூக்கி வந்த டூலன் கைகூப்பாத குறையாகக் கெஞ்சினான். "முதலாளிக்குத் தெரிஞ்சா பல்லக்கைப் பிடுங்கிடுவாரு ஐயா. சொல்லிடாதீங்க."

ஒரு பால்காரிக்கா தொப்பியைக் கழற்றினோம்? ஊரே பார்க்க, சாக்கடையில் நின்று? ஹார்பினின் விரல்கள் தடியை இறுக்கின.

கியோ அதைப் பார்த்துவிட்டான்.

"அடிக்கணும்னா அடிச்சுக்கங்க ஐயா. அவளுக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு."

தடி உயரவில்லை. ஹார்பின் அந்தக் கிழவியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை அழுத்திய இடத்தில் சால்வை நைந்து, நூல்நூலாகத் தொங்கியது.

தடியை மைதானத்துச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"கால் பக்கம் நான் பிடிக்கிறேன்."

"வேண்டாங்க. உங்க கோட்டு பாழாயிடும்."

"பரவாயில்ல. தூக்குங்க."

மூன்று பேருமாகக் குழியில் இறக்கினார்கள். பாதிரியார் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, மறுபடி பிடித்துக்கொண்ட மழைக்குப் பயந்து ஓடிவிட்டார். மண் விழுந்து முடிகிறவரை ஹார்பின் தொப்பியைப் போடவில்லை. பொய்முடியிலிருந்து வெள்ளைப் பொடி கரைந்து முகத்தில் வழிந்தது.

கியோ கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான்.

"நீங்கதான் ஐயா நிஜமான பெரிய மனுஷன்."

"அப்படிச் சொல்லாதீங்க." என்றார் ஹார்பின். "எங்கம்மாவும் பால்காரிதான். போன வாரம், வக்கீல் ஐயாவோடயும் அவர் சிநேகிதங்களோடயும் நடந்து வந்துட்டிருந்தேன். எதிர்ல அம்மா வந்தாங்க. நான் வாயே திறக்கல. என்னைப் பார்த்ததும் அவங்களாவே வாளியோட சாக்கடையில இறங்கி, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'போங்க ஐயா'ன்னாங்க."