கரிண்டா ஷயரின் பேச்சாளர்

"இஞ்சருங்கோ, பத்து நிமிசந்தான் தந்திருக்கினம். உங்கட பேச்சிலை கரிகாலன் இன்னும் கல்லணையே கட்டி முடிக்கேல்லை."

சிட்னி விடுதியின் சாப்பாட்டறையில், காலைத் தேநீருக்கு முன்னால் உட்கார்ந்து சிவனேஸ்வரி இதைச் சொன்னாள். கணவர் மகாதேவன் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நல்ல காலம் ஞாபகப்படுத்தினீர். கல்லணைக்குப் பிறகு எகிப்தையும் சேர்க்கவேணும்."

மகாதேவன் கரிண்டா ஷயரின் என்ஜினியர். சிட்னியிலிருந்து ஒரு பகல் முழுக்க ரயிலில் போனால் வரும் சின்ன ஊராட்சி அது. அங்கே வாக்காளர்களைவிட ஆடுகள் அதிகம். ஆடுகளுக்கு வாக்கில்லாததால் மாநில வரவுசெலவுத் திட்டத்தில் கரிண்டாவின் பெயர் வருவதில்லை. கடைசியாக மாநிலம் தந்தது மைல் பலகைகளுக்குப் பதிலாகக் கிலோமீட்டர் பலகைகள். அவற்றால் ஊர் இன்னும் தூரமாகத் தெரிந்தது.

இப்போது அங்கே இருந்த ஒரே பள்ளிக்கூடத்தையும் ஆண்டு முடிவில் மூடப்போகிறார்கள். மூடினால் பிள்ளைகள் மண்சாலையில் அடுத்த ஊருக்குப் பஸ்ஸில் போய்வர வேண்டும். சிவனேஸ்வரிக்கு வேலையும் போய்விடும். அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒரே ஆசிரியை அவள்தான்.

வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் சின்ன ஷயர்கள் சிட்னிக்கு வந்து நிதி அதிகாரியிடம் முறையிடுவது வழக்கம். கரிண்டாவின் தலைவர் பெர்னி டூலன் வருடா வருடம் வந்து நான்கு வசனம் பேசுவார். அதிகாரி 'பரிசீலிக்கிறோம்' என்று எழுந்து கைகொடுப்பார். டூலன் அடுத்த ரயிலைப் பிடிப்பார். இந்த வருடம் தாம் பேசப்போவதில்லை, என்ஜினியர் பேசட்டும் என்று டூலனே சொல்லிவிட்டார்.

இதில் மகாதேவனுக்கு வியப்பேதும் இல்லை. கொழும்பில் அரசாங்கத் திணைக்களமொன்றின் தமிழ்ச் சங்கத்துக்குப் பல காலம் தலைவராக இருந்தவர். அவர் கையில் கொடுத்த மைக்கை யாரும் திரும்ப வாங்கியதாக வரலாறு இல்லை.

"கோரிக்கையை முதல்லை சொல்லுங்கோ. நேரமிருந்தால் பிறகு கரிகாலனைச் சொல்லலாம்."

"எடுத்த எடுப்பிலை விலையைச் சொல்லுறவன் கடைக்காரன். உமக்குப் பேச்சின்ர கட்டுக்கோப்புத் தெரியாது" என்றவர் மேலும் இரண்டு பக்கம் எழுதினார். டாக்ஸியில் அவள் மறுபடியும் சொன்னாள். அவர் மறுபடியும் சேர்த்தார். அவையடக்கம் விட்டுப்போனது அப்போதுதான் தெரிந்ததாம்.

நிதி அதிகாரி மிகவும் பண்பான மனிதர். அவருடைய கேடே அதுதான். மகாதேவன் அவரை வணங்கினார், டூலனை வணங்கினார், தேநீர் கொண்டுவந்த பெண்ணையும் விடவில்லை. பிறகு, நாகரிகங்களின் தாய் நீரே என்று தொடங்கினார்.

பத்து நிமிடம் முடிந்தபோது அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். எகிப்தில் அப்போதுதான் வெள்ளம் வந்துகொண்டிருந்தது. சந்திப்பை முடிக்க அவர் எழுந்து நின்றார். இவ்வளவு பெரிய மனிதர் நின்றுகொண்டு கேட்கிறாரே என்று மகாதேவன் நெகிழ்ந்து, குரலை உயர்த்தினார். அதிகாரி உட்கார்ந்தார். வெளியே அடுத்த ஷயர்க்காரர்கள் இருமத் தொடங்கியிருந்தார்கள்.

"உங்கள் கோரிக்கை என்னவென்று சொன்னால்…" என்றார் அதிகாரி.

"அதற்குத்தான் வருகிறேன்" என்று மகாதேவன் யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்குப் போனார்.

டூலன் சுவரிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தின் சார்பில் பின்னால் உட்கார்ந்திருந்த சிவனேஸ்வரி எழுந்து வந்து கணவரின் காதில், "சுருக்குங்கோ" என்றாள். மகாதேவனின் முகம் கறுத்தது. அவையோர் தொடர்பை இழந்திருக்கக் கூடும் என்று சொல்லி, அதுவரை பேசியதை முதலிலிருந்து தொகுத்துச் சொல்லத் தொடங்கினார்.

அதிகாரி மெல்ல டூலன் பக்கம் சாய்ந்தார்.

"இவருக்கு என்னதான் வேண்டும்?"

"பள்ளிக்கூடம் மூடக்கூடாது. ஆசிரியை சம்பளம், கூரைக்குப் புதுத் தகரம்."

அதிகாரி கோப்பினை இழுத்து அனுமதி எழுதினார், கையெழுத்துப் போட்டார், கதவைத் தாமே திறந்துவிட்டார். கோரிக்கைக்கு இன்னும் வந்துசேராத மகாதேவன், நன்றியுரை ஒன்று பாக்கியிருப்பதாகச் சொன்னார். டூலன் அவருடைய முழங்கையைப் பிடித்து வெளியே நடத்தினார்.

தாழ்வாரத்தில் மகாதேவன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீரோ? உம்மட சொல்லைக் கேட்டுச் சுருக்கியிருந்தால் இது கிடைச்சிருக்குமோ?"

"இல்லைத்தான்" என்றாள் சிவனேஸ்வரி.

அவர், காத்திருந்த ஷயர்க்காரர்களிடம் பேச்சுக்கலையின் நுட்பங்களை விளக்கப் போனார். அவர் தூரப் போகும்வரை பொறுத்திருந்த டூலன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவளருகே வந்தார்.

"அவரைப் பேசவிடலாம் என்ற உங்கள் யோசனை அப்படியே பலித்துவிட்டது, மிஸிஸ் மகாதேவன். பக்கத்து ஷயர்க்காரர்கள் வியாழக்கிழமைக்கு அவரை இரவல் கேட்கிறார்கள்."

"தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள் அவள். "ஆனால் நானும் வரவேணும். சுருக்கச் சொல்லிப் பக்கத்திலை ஒருத்தரும் இல்லாட்டி, அந்த மனுசன் பத்து நிமிசத்திலை முடிச்சுப்போடும்."