மீதிக் கரண்ட்

ஒரு பயலுக்கும் இப்போதெல்லாம் எதையும் கண்ணால் பார்க்கத் தெரியவில்லை.

தள்ளி நில் என்றால் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருகிறான். பிணம் போனாலும் படம், பிள்ளை பிறந்தாலும் படம். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்ப்பதில்லை.

முழங்கையால் ஒருவனை ஒதுக்கிவிட்டு, கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் எட்டிப் பார்த்தார்.

கிரேன் லாரியில் இறக்கிக்கொண்டிருந்தது.

ஈயக் குடுவை. ஆள் உயரம்கூட இல்லை. ஆனால் மேலே உட்கார்ந்ததும் லாரி ஒரு தடவை முனகியது. டயர் பிதுங்கியது.

சத்தம் இல்லை. புகை இல்லை. வாடை இல்லை.

கதிர் விடுகிற துண்டு அதற்குள்தான் இருக்கிறதாம். கட்டைவிரல் நுனி அளவுதானாம்.

அது இருந்த மிஷினுக்கு அடியில் படுத்துப் படுத்துத்தான் அவர் பெண்டாட்டி ஆவுடையின் வலது தாடைக் கட்டி வற்றியது. கொட்டைப்பாக்கு அளவு இருந்தது, சுண்டைக்காய் ஆனது. கதிர் வைத்தியத்தைக் கரண்ட் வைப்பது என்பார்கள் ஊரில். பாதிக் கரண்ட் வைத்தாயிற்று. பாதி பாக்கி.

இன்று பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தால் மிஷின் அறை பூட்டிக் கிடக்கிறது. பழசுக்கு வீரியம் குறைந்துபோயிற்றாம். பாக்கியைத் திங்கட்கிழமையிலிருந்து புதுக் கட்டடத்தில், புது மிஷினில் வைப்பார்களாம்.

அந்தப் புதுசில் ஒருத்தராவது படுத்து எழுந்து அவர் பார்த்ததில்லை.

கட்டி அதற்கு அடங்குமா?

"இது இனிமே கழிவுதான் ஐயா," என்றாள் கயிற்றுக்கு உள்ளே நின்ற பெண். மத்திய அரசு ஆள். நாடு முழுக்க இந்த மாதிரிக் கழிவை அள்ளிக்கொண்டு போய் அடக்கிவைப்பதுதான் அவளுடைய ஆபீஸுக்கு வேலையாம். சட்டையில் ஒரு வில்லை குத்தியிருந்தாள். கையில் கதிர் அளக்கிற பெட்டி.

கழிவு.

அவர் தெருக் குப்பையை அள்ள ஆள் வந்து எத்தனையோ நாளாயிற்று. இந்தக் குப்பைக்கு முன்னால் ஒரு போலீஸ் ஜீப், பின்னால் ஒரு போலீஸ் ஜீப்.

"ஏம்மா, வீரியம் போச்சுன்னா எதுக்கு இம்புட்டு ஈயம்? வீரியம் இருக்குன்னா எதுக்கு எம் பொஞ்சாதிகிட்டேருந்து பிடுங்குதிய?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள்.

"ரெண்டும் நிஜம்தான் ஐயா. வைத்தியத்துக்குப் பத்தாது. வெளியில விட்டா ஆளைக் கொன்னுடும்."

தண்ணீர் ஊற்றினால்? அணையாது. சம்மட்டியால் அடித்தால்? பேசவே கூடாது. தானாகத்தான் அடங்க வேண்டும். அதுவரை பூமிக்குள் கான்கிரீட் குழியில் வைத்து மூடி, காவல் போடுவார்கள். சுற்றியிருக்கிற மண்ணையும் தண்ணீரையும் எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள்.

"எம்புட்டு நாளைக்கு?"

"நாம யாரும் இருக்க மாட்டோம் ஐயா. பேரப் பிள்ளைங்க பார்த்துக்கணும்."

அவர் குடுவையை இன்னொரு தடவை பார்த்தார்.

ரேஷன் கடையை நேரத்துக்குத் திறக்காத அரசாங்கம்.

இன்னும் பிறக்காத ஒருவன் ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, இந்தக் கட்டைவிரல் நுனிக்குக் காவல் உட்காருவான்.

கை தானாகத் தோள்துண்டை எடுத்தது. இடுப்பில் கட்டப் போனவர், வெட்கப்பட்டு மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

போன் கூட்டம் கிரேன் திரும்புவதைப் படம் பிடிக்க ஓடியது. அந்தப் பெண் ஜீப்பண்டை போனாள்.

அவர் பக்கத்தில் நின்ற ஆவுடையின் கையைப் பிடித்தார். லாரியின் மறுபக்கம் கயிறு தொய்ந்து கிடந்தது. தாண்ட வைத்தார்.

"தாடைய அங்கிட்டுக் காட்டு."

"எதுக்கு?"

"கிடக்கிற மிச்சத்த வாங்கிக்கோ."

முந்தானையை விலக்கிவிட்டார். தாடையில் டாக்டர் மையால் போட்ட கோடுகள். மிஷினுக்கு அடியில் செய்வது போலவே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அசையவில்லை.

"ஐயா! வெளியே வாங்க!"

அந்தப் பெண் ஓடி வந்தாள். திட்டவில்லை. ஆவுடையைக் கயிற்றுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், பெட்டியைத் தாடையருகே பிடித்துக் காட்டினாள்.

பெட்டி ஒரு முறை டிக் என்றது. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு முறை.

"பார்த்தீங்களா? அம்மா மேல ஒண்ணும் ஏறல. ஈயம் விடாது. திங்கக்கிழமை கண்டிப்பா புதுக் கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. பாதியில விட்டா கட்டி திரும்ப வளரும்."

"வெளிய ஒண்ணும் வராதோ?"

"வைத்தியத்துக்கு ஆகுற மாதிரி வராது."

"அப்போ கயிறு எதுக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதில் சொல்வதற்குள் ஜீப்காரன் ஹாரன் அடித்தான்.

அவர் ஆவுடையைக் கூட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் தெரியல."

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள்.

"மிஷின்லயும் ஒண்ணும் தெரியாதுல்லா."

அவர் நின்றார். பிறகு நடந்தார்.

பின்னால் லாரி கிளம்பும் சத்தம். தேருக்கு விடுவதுபோல ஜனம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது.

"திங்கக்கிழமை போவமா?"

"போவோம். போய்த்தான் பாப்போம்."

ரோட்டில் எப்போதும் வண்டி வருகிற பக்கம் அவர்தான் நடப்பார். லாரி நெருங்கியபோது அவளைத் தன் வலது பக்கத்துக்கு, லாரி வருகிற பக்கத்துக்கு மாற்றிவிட்டார்.

அவள் முந்தானையை இழுத்து மூடப் போனாள்.

"இருக்கட்டும்," என்றார்.