இரண்டிலும் ஒரே தப்பு

புது மேனேஜரின் அறையில் ஆண் என்ஜினீயர் சுவரைப் பார்த்தபடியும், பெண் என்ஜினீயர் ஜன்னலைப் பார்த்தபடியும் நின்றார்கள்.

“ரயில் பிரேக்குக்குப் போற சிப்பு இது. உள்ளே ரெண்டு ப்ராசஸர். ஒண்ணு தப்பு பண்ணினா இன்னொண்ணு பிடிக்கணும். அதுக்குத்தானே ஆளுக்கு ஒண்ணா தனித்தனியா செய்யச் சொன்னேன்? இந்த ஆபீஸ்ல முகம் கொடுத்துப் பேசிக்காத ரெண்டு பேர் யாருன்னு விசாரிச்சப்போ, எல்லாரும் உங்களைத்தான் கை காட்டினாங்க. கடைசியில ரகசியமா கூடிப் பேசியிருக்கீங்க!”

“சத்தியமா பேசல சார்,” என்றான் அவன்.

“அப்புறம் எப்படி ரெண்டுலயும் அச்சு அசலா ஒரே தப்பு? சென்சார்கிட்டேயிருந்து தகவலே வரலேன்னா, எல்லாம் நல்லபடியா இருக்குன்னு ரெண்டுமே எடுத்துக்குது. சென்சார் செத்துக் கிடந்தாலும் ரயில் அதுபாட்டுக்கு ஓடும். எங்கேயிருந்துதான் வந்துச்சோ இந்த யோசனை!”

அவள் முதல் முறையாக அவன் பக்கம் திரும்பினாள்.

“எங்க வீடும் பல வருஷம் அப்படித்தான் சார் ஓடிச்சு,” என்றாள் நிதானமாக. “விவாகரத்து ஆகி இப்பதான் ஒரு வருஷம் ஆகுது.”