மணல் கலக்காத மண்

மேனாம்பேட்டில் ஜாபஸ் நடத்தும் நர்சரிக்கு வந்த ஞானகுமாரி, ரோஜாச் செடி வைக்க நாலு மூட்டை மண் கேட்டாள். பிரித்து வைத்திருந்த மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்தவள், அப்படியே திரும்பக் கொட்டினாள்.

"இன்னாக்கா, புடிக்கலையா?"

"இதுல ஃபவுண்டரி மணல் கீதே."

"ஆமாக்கா. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல இரும்பு வார்த்துட்டுக் கழிச்சுப் போடற கறுப்பு மணல். டெஸ்ட் பண்ணி, எருவும் செம்மண்ணும் கலந்து தர்றோம். செடிக்கு ஒண்ணும் ஆவாது."

"அது இல்லாம குடுப்பா."

"வெறும் செம்மண்ணு வெய்யில்ல இறுகிப் பூடும்க்கா. மணல் இருந்தாத்தான் தண்ணி கீழ எறங்கும்."

"இறுகட்டும்."

அவள் குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

"பார்த்ததும் எப்படிக்கா கண்டுபுடிச்ச?"

"எங்க ஊட்டுக்காரரு அங்கதான் இந்த மணல்ல அச்சு எடுக்குற வேலை. அவர் சட்டையைத் துவைச்சா தண்ணி இந்த நிறத்துலதான் வரும்."

ஜாபஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்போ அண்ணனையே கூட்டிக்கினு வா. நல்ல மணல்னு அவரே சொல்வாரு."

ஞானகுமாரி கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"சரி, செடி எங்க வெக்கப் போற? மாடியிலயா, தரையிலயா?"

"அவர் கல்லறை மேல."

ஜாபஸ் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தான். அவளோ வெய்யிலைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னாள்.

"நெஞ்சு பூரா இந்த மணல் தூசுதான்னு டாக்டர் எக்ஸ்ரேவுல காட்டினாரு. உள்ள எடுத்துக்கினு போனதே போதும்ப்பா. மேலயும் போட வேணாம்."