சத்தம் போடக் கூடாத நடைவழி

பிரான்சின் லியோன் நகரில் வீடுகளுக்குள் புகுந்து மறுதெருவுக்குப் போகும் நடைவழிகள் உண்டு. குடியிருப்பவர்களுக்காக அங்கே யாரும் சத்தம் போடுவதில்லை. சனிக்கிழமை சுற்றிப்பார்க்கப் போனபோது என் கணவன் காஸ்தோன் என்னைப் பார்த்துக் கத்தினான்: "ஏய் ஒடில், நீ சமைச்சதைத் தின்ன எலியெல்லாம் இங்கதான் செத்துக் கிடக்குது போல!"

தானாக அணையும் விளக்கு அணைந்தது. மண்டை உடையும் சத்தம் கேட்டது. சுவரில் தடவி விளக்குப் பொத்தானை அமுக்கினேன். காஸ்தோன் தலை பிளந்து கிடந்தான். பக்கத்தில் யாருமில்லை. அலறிக்கொண்டு மறுதெருவுக்கு ஓடினேன்.

அங்கே காஸ்தோன் சிவப்புப் பாதாம் மிட்டாய் ரொட்டியைத் தின்றுகொண்டு நின்றான். "எங்க போய்த் தொலைஞ்ச? வா, திரும்ப உள்ள போகலாம்."

உள்ளே மறுபடி கத்தினான். விளக்கு அணைந்தது. என் கையில் ஒரு கல் கனத்தது. அது ஏற்கெனவே ஈரமாக இருந்தது.

மாடி ஜன்னல் திறந்தது. "இந்தத் தடவையாவது சத்தமில்லாம அடிம்மா," என்றாள் ஒருத்தி. "குழந்தை தூங்குது."